மச்சாள் என்றால் யார்?

கடிதம் ஈமெயிலில் வந்தது. 2020 பெப்ரவரி. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம், மேசையில் சோற்றுப் பெட்டி திறந்தபடி இருந்தது. போனில் எழுத்துச் சின்னதாக இருந்ததால் விரலால் பெருப்பித்து வாசித்தேன். இரண்டாவது பந்தியில் அந்த வரி இருந்தது. நானும் என் கணவரும் செய்துகொண்ட திருமணம் உண்மையானது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவில்லை. ஆகவே அவரை இலங்கையிலிருந்து கனடாவுக்குக் கூப்பிட நான் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

பெட்டியை மூடி வைத்துவிட்டு மிச்ச நேரமும் வேலை செய்தேன். வீட்டுக்கு வந்து மகளுக்குச் சாப்பாடு கொடுத்தேன். ஊரில் அப்போது விடியப்புறம். இவர் எழும்பி "என்ன, கடிதம் பாத்தியே?" என்று கேட்டபோதுதான் அழுகை வந்தது. அவருக்கும் ஒன்று போயிருந்தது. நான் தாங்குவேனோ என்று நினைத்து, நானாகச் சொல்லும்வரை அவர் காத்திருந்திருக்கிறார்.

அதன் பிறகு 9 நாள் நான் யாருக்கும் சொல்லவில்லை. அண்ணாவுக்கும் சொல்லவில்லை. கோயிலில் ஒரு அக்கா "இவர் எப்ப வாறார்?" என்று கேட்டார். "அலுவல் நடக்குது" என்றேன். நிராகரிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த 9 நாள்தான். மேல்முறையீடு செய்ய எனக்கிருந்தது மொத்தம் 30 நாள். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை வெட்கத்திற்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும். எனக்கு இது இரண்டாவது திருமணம். முதல் திருமணம் 2014இல் விவாகரத்தில் முடிந்தது. மகள் என்னோடுதான் வளர்ந்தாள். 2018இல் கிளிநொச்சியில் நான் கழுத்தை நீட்டியபோது எனக்கு 38 வயது, இவருக்கு 34. இவருக்கு அது முதல் திருமணம். எங்கள் ஆட்களுக்கு இதில் கதைக்க எவ்வளவோ இருந்தது. "பெடியன் கனடாவுக்காகத்தான் கட்டியிருக்கிறான்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் இருந்தார்கள். இப்போது அதையே அரசாங்கக் கடிதத் தாளில் ஒருவர் எழுதி அனுப்பியிருக்கிறார். அவர்கள் சொன்னது சரியாகிவிட்டது போல இருந்தது எனக்கு. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

பத்தாம் நாள், விண்ணப்பத்தை நிரப்பித் தந்த ஆளிடம் போனேன். நாலு பேர் சொல்லித்தான் அவரிடம் முதலில் போயிருந்தேன். கடிதத்தைப் பார்த்தவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "அப்பீல் எண்டா வருசக்கணக்கு இழுபடும் தங்கச்சி. இதை விடுங்கோ. திருப்பிப் போடுவம்." அரசாங்கத்துக்குக் கட்டிய கட்டணம் அப்போது மொத்தம் 1,040 டொலர். அதில் நிரந்தர வதிவிட உரிமைக்கான 490 டொலர் மட்டும் திரும்பி வரும், மற்றதெல்லாம் போனதுதான். திருப்பிப் போட்டால் திருப்பிக் கட்டவேண்டும், அவருடைய கூலியையும் சேர்த்து.

அன்று அவர் கதையைக் கேட்டிருந்தால் நான் பிழைத்திருக்க மாட்டேன். பிறகு தெரிந்துகொண்ட விடயம் ஒன்று: கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்லவும் விண்ணப்பம் நிரப்பவும் எல்லோருக்கும் உரிமை இல்லை. வழக்கறிஞர், சட்டச் சங்கத்தில் பதிவான பரா லீகல், கியூபெக்கின் நொத்தாரிசு, குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர்களின் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றவர்கள், இவ்வளவுபேர்தான். அந்தக் கல்லூரி 2021 நவம்பரில் தொடங்கியது, அதற்கு முன்னரும் அதே வேலைக்கு ஓர் அமைப்பு இருந்தது. பெயரைப் போட்டுத் தேடினால் உரிமம் இருக்கிறதா என்று அவர்களின் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். நான் பார்த்திருக்கவில்லை. என் விண்ணப்பத்தில் அந்த ஆளின் பெயர் எந்த மூலையிலும் இல்லை, எல்லாவற்றிலும் நானே கையெழுத்து வைத்திருந்தேன். பிழை வந்தால் பிழை என்னுடையது.

அண்ணாதான் லோயரிடம் கூட்டிக்கொண்டு போனார். பத்தாம் நாள் இரவு அவருக்குச் சொன்னேன். "இதை ஏன் இவ்வளவு நாளும் பொத்தி வச்சனி?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்.

லோயர் அம்மா கடிதத்தை வாய்விட்டு வாசித்தார். முதலில் அவர் கேட்டது: "இது கைக்குக் கிடைச்சது எத்தனையாம் தேதி?" அதைக் கோப்பின் மட்டையில் பெரிதாக எழுதி, அதிலிருந்து 30 நாளை எண்ணி, கடைசி நாளைக் கீழே எழுதிக் கோடு போட்டார். நிராகரிப்புக்கான எழுத்துமூலக் காரணம் கைக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாள். குடிவரவு, அகதிகள் சபையின் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்கு, எல்லோரும் ஐ.ஏ.டி. என்று சொல்வது அதைத்தான், மேல்முறையீட்டு அறிவித்தல் போய்ச் சேர வேண்டும். அது ஒரு சின்னப் படிவம். நிராகரிப்புக் கடிதத்தின் பிரதியை அதோடு இணைக்கவேண்டும். கட்டணம் கிடையாது. ஒரு சதமும் இல்லாமல் செய்யக்கூடிய காரியத்தை விட்டுவிட்டுத்தான் திரும்பவும் 1,040 டொலரைக் கட்டப் பார்த்தேன்.

திருப்பிப் போடுவது எப்போதும் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பத்திரம் விடுபட்டுப் போனதால் வந்த நிராகரிப்பென்றால் புது விண்ணப்பம் கெதியாக முடியலாம். ஆனால் "உங்கள் கலியாணத்தை நம்பவில்லை" என்று ஒருவர் எழுதி வைத்த பிறகு அதே தாள்களைத் திரும்ப அனுப்பினால், அடுத்தவர் முதலில் வாசிப்பது முன்னவர் எழுதிய குறிப்பைத்தான். ஐ.ஏ.டி.யில் அப்படியில்லை. விசாரணை புதிதாக நடக்கும். அதிகாரி பார்க்காத சான்றுகளையும் வைக்கலாம், நிராகரிப்புக்குப் பிறகு நடந்தவற்றையும் சொல்லலாம். முதல்முறையாக உங்களோடு முகம் பார்த்துக் கதைக்கிற ஒருவர் தீர்ப்புச் சொல்வார். எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

லோயர் அம்மா சட்டத்தை விளங்கப்படுத்தியபோது ஒரு சொல்லில் நிறையநேரம் நின்றார். குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4(1) பிரிவு இரண்டு கேள்வி கேட்கிறது. குடிவரவுப் பயனைப் பெறுவதே முதன்மை நோக்கமாக இருந்து செய்த திருமணமா? உண்மையான திருமணம்தானா? 2010 செப்டம்பர் 30க்கு முன்னர் இந்த இரண்டுக்கும் நடுவில் "மேலும்" என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. இரண்டிலும் விழுந்தால்தான் நிராகரிப்பு. அன்றிலிருந்து அது "அல்லது" ஆனது. இப்போது ஒன்றில் விழுந்தாலே போதும். அதோடு, முதலாவது கேள்வி கலியாணம் நடந்த நாளைப் பற்றியது. இன்றைக்கு நீங்கள் எவ்வளவு அன்பாக இருந்தாலும், தாலி கட்டியபோது மனதில் என்ன இருந்தது என்பதைக் காட்டவேண்டும். இரண்டாவது கேள்வி இன்றைய நிலையைப் பற்றியது.

எனக்கு இதில் கூடுதலாக நொந்த விடயம் ஒன்று இருக்கிறது. மகள் இவரை அப்பா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அவள் இரவில் கேட்கிற கேள்விகளைச் சொன்னால் எந்த மனிதருக்கும் இரக்கம் வரும் என்று நினைத்தேன். லோயர் தலையை ஆட்டினார். மனிதாபிமானக் காரணங்களை ஐ.ஏ.டி. பார்க்கும், ஆனால் வருகிறவர் சட்டப்படி குடும்ப உறுப்பினர் என்று ஆன பிறகுதான் பார்க்கும். திருமணமே உண்மையில்லை என்றால் அவர் கணவர் இல்லை. கணவர் இல்லையென்றால் இரக்கத்துக்கு இடமில்லை. "ஆனா அந்தப் பிள்ளை அவரோட கதைக்கிறதெல்லாம் சான்று" என்றார். "இரக்கம் கேக்காதேங்கோ. நடந்ததைக் காட்டுங்கோ."

2020 மார்ச் 10ஆம் தேதி அறிவித்தல் போனது. அடுத்த கிழமை நாடு மூடப்பட்டது. ஐ.ஏ.டி. நேர் விசாரணைகளை நிறுத்தியது. பிறகு எல்லாம் வீடியோவுக்கு மாறியது.

பல மாதம் கழித்து அப்பீல் தொகுப்பு வந்தது. நாங்கள் அனுப்பிய எல்லாத் தாளும், கூடவே அதிகாரி கணினியில் பதிந்த குறிப்பும் அதில் இருக்கும். மேல்முறையீடு இல்லாதவர்கள்கூட, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டி இந்தக் குறிப்பை எடுக்கலாம். கடிதத்தில் இரண்டு வரிதான் இருக்கும், குறிப்பில் அந்த மனிதர் யோசித்த வழி இருக்கும். அதை வாசிக்காமல் எதையும் எழுதாதீர்கள்.

நான் சமையலறை மேசையில் வைத்து வாசித்தேன். கொழும்பில் இவருக்கு நடந்த நேர்முகம் கேள்வி பதிலாகப் பதியப்பட்டிருந்தது. முதல் நாள் இரவு பஸ்ஸில் ஏறி, விடியத் தெரிந்த ஒருவர் வீட்டில் முகம் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டு போனவர். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார், இவர் தமிழில் பதில் சொன்னார், அது ஆங்கிலமாகிப் பதிவானது.

உங்களுக்கு இந்தச் சம்பந்தத்தைப் பேசியது யார் என்று ஒரு கேள்வி. இவர் சொன்ன பதில் எனக்குத் தெரியும். "இவவின்ரை மச்சாள்தான் கதைச்சவ." குறிப்பில் இருந்தது: ஸ்பொன்சரின் மாமா முறையானவரின் மகள் அறிமுகம் செய்ததாகக் கூறுகிறார். படிவத்தில் நான் எழுதியிருந்தது என் அண்ணாவின் மனைவி என்று. அடுத்த வரி: அறிமுகம் செய்தது யார் என்பதில் இருவரும் முரண்படுகிறார்கள்.

நம்மில் யாருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மாமாவின் மகளும் மச்சாள், மாமியின் மகளும் மச்சாள், அண்ணாவின் மனைவியும் மச்சாள். இவருடைய அக்காவும் எனக்கு மச்சாள்தான். தமிழுக்குள் இருக்கும்வரை ஆர் எவர் என்று இடம் சொல்லிவிடும். அந்த அறையில் இடம் சொல்ல ஆளில்லை. ஒரு சொல்லை ஒருவர் ஏதோவொரு பக்கமாகத் திருப்பிப் போட்டார், அது நேராக என் திருமணத்தின் மேல் வந்து விழுந்தது.

இரண்டாவது முரண்பாட்டை வாசித்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டேன். உங்களுக்கு எத்தனை சகோதரங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் மூன்று என்றிருக்கிறார். எங்கள் உறவைப் பற்றி நான் எழுதி இணைத்த கடிதத்தில் நான்கு என்று இருந்தது. மனைவிக்குத் தன் கணவனின் குடும்பத்தைப் பற்றிய அடிப்படை அறிவு இல்லை என்று பதிந்திருந்தார்கள்.

இவருக்கு ஓர் அக்கா, ஓர் அண்ணா, ஒரு தங்கச்சி. ஒரு தம்பியும் இருந்தார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. மாமி இன்றைக்கும் மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றை இலங்கை அரசு கொண்டுவந்தபோது அதையும் எடுக்கவில்லை. யாராவது கேட்டால் எனக்கு அஞ்சு பிள்ளைகள் என்றுதான் சொல்லுவார். அதைக் கேட்டுத்தான் நான் நான்கு சகோதரங்கள் என்று எழுதினேன். இவரிடம் அதே கேள்வியை அரசாங்க அறையில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் கேட்டபோது, தம்பியின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அந்த மனிதருக்குத் தெரியும். மூன்று என்று சொல்லிவிட்டார். வன்னியில் வளர்ந்த எந்த ஆணும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

இந்த இரண்டும் எங்கள் பிழையில்லை. மூன்றாவது எங்கள் பிழை. அதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவை நான் எழுதி ஒரு பயனும் இல்லை.

கலியாணத்துக்கு இவருடைய அக்கா வரவில்லை. கோயிலில் 27 பேரோடு நடந்த சின்னக் கலியாணம் அது. படங்களில் அக்கா ஏன் இல்லை என்று கேட்பார்கள் என்று படிவம் நிரப்பித் தந்தவர் முதலே சொல்லி, சுகமில்லை என்று எழுத வைத்தார். நானும் சரியென்று விட்டேன், இவரும் நேர்முகத்தில் அதையே சொன்னார். என்ன வருத்தம் என்று அதிகாரி கேட்டார். காய்ச்சல் என்றார் இவர். நான் எழுதியிருந்தது நாரி வருத்தம் என்று.

உண்மை என்னவென்றால், அக்காவுக்கு நான் வேண்டாம். விவாகரத்து ஆனவள், பிள்ளை உள்ளவள், தம்பியைவிட மூத்தவள். மூன்று மாதம் வீட்டில் சண்டை நடந்தது. நாள் வைத்த பிறகும் அவர் மனம் மாறவில்லை. அன்றைக்கு வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார். இதை எப்படி வெளிநாட்டு அதிகாரிக்கு எழுதுவது? குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்தோம்.

லோயர் அம்மா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "இதை ஏன் முதலே சொல்லேல்லை?" குடிவரவு விண்ணப்பத்தில் முக்கியமான விடயத்தில் பொய் சொன்னது தெரியவந்தால் 5 வருடம் உள்ளே வரத் தடை விழலாம். நாரி வருத்தம் அந்த அளவுக்குப் போகாது, ஆனால் ஒரு இடத்தில் பொய் என்றால் மற்ற எல்லா இடத்திலும் சந்தேகம் வரும் என்றார். பிறகு சொன்னார்: "காசுக்கோ விசாவுக்கோ செய்யிற கலியாணத்தில ஒரு அக்கா மூண்டு மாதம் சண்டை பிடிக்க மாட்டா. உங்களிட்ட இருக்கிற ஆகப் பலமான சான்றை நீங்களே ஒளிச்சு வச்சிருக்கிறியள்."

அந்த இரவு இவரிடம் சொன்னேன், அக்காவைப் பற்றி எழுதவேண்டும் என்று. போனில் கனநேரம் சத்தமில்லை. பிறகு, "எழுது. நடந்ததுதானே" என்றார். பொய் எழுதியதை ஒத்துக்கொண்டு, ஏன் எழுதினோம் என்பதையும் சொல்லி, இரண்டு பேரும் சத்தியக் கடதாசி கொடுத்தோம்.

பிறகு சான்று சேர்க்கிற வேலை. வட்ஸ்அப் கதைகளை அச்செடுக்கச் சொன்னார்கள். முதலில் நான் எல்லாவற்றையும் எடுத்தேன். ஆயிரக்கணக்கில் வந்தது. "சாப்பிட்டாச்சா", "ம்", "படு", ஒரு பூப்படம், திரும்பவும் "சாப்பிட்டாச்சா". லோயர் அதை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சில பக்கம் போதும், ஆனால் அந்தப் பக்கத்தில் வாழ்க்கை இருக்கவேண்டும் என்றார். மகளுக்கு அம்மை வந்த கிழமை. அண்ணாவின் வேலை போன நாள். மாமி கண் சத்திரசிகிச்சைக்குப் போனபோது எவ்வளவு அனுப்புவது என்று நாங்கள் கணக்குப் பார்த்தது. ஒருமுறை நாங்கள் கோபித்துக்கொண்டு நாலு நாள் கதைக்காமல் இருந்தது, பிறகு அதைத் தீர்த்தது. அந்தச் சண்டையையும் வைக்கவேண்டுமா என்று கேட்டேன். கட்டாயம் என்றார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதியுரையோடு கொடுக்கவேண்டும். அதனால் பக்கம் பக்கமாகக் காசு. தெரிந்தெடுத்ததுதான் புத்தி.

அப்படித் தேடிக்கொண்டு போனபோது 2017 நவம்பருக்குப் போய்விட்டேன். சம்பந்தம் பேசத் தொடங்கிய மாதம். அண்ணி அந்தத் தம்பியைப் பற்றி எனக்கு முதலே சொல்லியிருந்தார். மாமியோடு முதன்முதல் கதைத்தபோது நான் அவரைப் பற்றிப் பெயர் சொல்லிக் கேட்டேன். மாமி அழவில்லை. அவருக்கு என்ன பிடிக்கும், எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொண்டே போனார். "ஒரு படம் இருந்தா அனுப்புங்கோ" என்றேன். இரவு இவருடைய போனில் இருந்து வந்தது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு ஒரு பெடியன், தலை ஒரு பக்கம் சரிந்து, படத்தின் ஓரம் ஈரம் பட்டு மஞ்சள் ஏறியிருந்தது. கீழே இவர் எழுதியிருந்தார்: "அம்மா உங்களுக்கு அனுப்பச் சொன்னவ. இவன்தான் எங்கட கடைசி."

திகதியும் நேரமும் பக்கத்திலேயே இருந்தன. கலியாணத்துக்கு 9 மாதத்துக்கு முன்னர். நான்காவது சகோதரர் எனக்கு அப்போதே அறிமுகம். அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். எங்கள் சான்றுத் தொகுப்பில் அதற்கு முதலாம் இலக்கம் கொடுத்தோம்.

மற்றவர்களின் நிராகரிப்பு வேறு மாதிரி இருக்கும். அம்மா அப்பாவைக் கூப்பிட்டவர்களுக்குப் பெரும்பாலும் வருமானம்தான் இடிக்கும். கியூபெக்குக்கு வெளியே என்றால், பொதுவாகக் குடும்ப அளவுக்கான குறைந்த வருமான எல்லைக்கு மேல் 30 வீதம், அடுத்தடுத்து 3 வருடம் காட்டவேண்டும், 20 வருடப் பொறுப்பு. வேலை போன ஒரு வருடம் போதும், கணக்கு விழுந்துவிடும். கணவனோ மனைவியோ என்றால் பொதுவாக அந்த வருமான எல்லை இல்லை, பொறுப்பும் 3 வருடம்தான். கனடாவுக்கு உள்ளேயே இருந்துகொண்டு, உள்நாட்டு வகையில் போட்டு நிராகரிக்கப்பட்டவர்களுக்கு ஐ.ஏ.டி. உரிமை கிடையாது, பெடரல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க 15 நாள்தான். ஸ்பொன்சர் படிவத்திலேயே ஒரு பெட்டி இருக்கிறது: நீங்கள் ஸ்பொன்சர் செய்யத் தகுதியில்லை என்றால் விண்ணப்பத்தை மீளப் பெறுவீர்களா, தொடர்வீர்களா? மீளப் பெறுகிறேன் என்று அடையாளம் போட்டால் பிறகு அப்பீல் செய்ய எதுவும் மிஞ்சாது. இதைப் பார்க்காமல் அடையாளம் போட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

எங்கள் ஆட்களுக்குள் நிறையப் பேரை முறித்தது இன்னொரு விதி. தான் குடியேறியபோது ஒரு பிள்ளையையோ மனைவியையோ காட்டாமல் விட்டவர், பிறகு அவர்களைக் கூப்பிட முடியாது. பயத்தில் மறைத்தவர்கள், ஏஜென்சிக்காரன் சொன்னதைக் கேட்டு மறைத்தவர்கள் எத்தனை பேர். 2019 செப்டம்பரில் இதற்கு ஒரு தற்காலிகப் பொதுக் கொள்கை வந்து, சில வகையினருக்குக் கதவு திறந்தது. அப்படி ஒரு கதை உங்கள் வீட்டில் இருந்தால் அது இப்போது நடைமுறையில் இருக்கிறதா என்று உரிமம் உள்ள ஒருவரிடம் கேளுங்கள்.

எங்கள் விசாரணை 2021 இலையுதிர் காலத்தில், வீடியோவில். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. மகளை அண்ணி கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரையில் தீர்ப்புச் சொல்லும் உறுப்பினர், அமைச்சர் தரப்பு வழக்கறிஞர், எங்கள் லோயர், சபையே ஏற்பாடு செய்த தமிழ் மொழிபெயர்ப்பாளர். அவருக்கு நான் காசு கட்டவில்லை. இவர் கிளிநொச்சியில் வேறோர் இணைப்பில் காத்திருந்தார். நான் சாட்சி சொல்லி முடியும்வரை அவர் கேட்கக்கூடாது.

மச்சாள் கதை 5 நிமிடத்தில் தீர்ந்தது. லோயர் மொழிபெயர்ப்பாளரிடமே கேட்டார், இந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று. அவர் சொன்னார். உறுப்பினர் எழுதிக்கொண்டார். அண்ணியின் சத்தியக் கடதாசியும் இருந்தது. ஒன்றரை வருடம் எங்களைப் பிரித்து வைத்த காரணங்களில் ஒன்று அப்படித்தான் முடிந்தது.

அமைச்சர் தரப்பு வழக்கறிஞர் மரியாதையானவர், ஆனால் விடவில்லை. அக்காவைப் பற்றிப் பொய் எழுதியதற்கு 20 நிமிடம் என்னைக் கேள்வி கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் ஓம், அது பொய்தான், என் கையெழுத்துத்தான் என்றேன். பிறகு கேட்டார்: அவர் திருமணம் ஆகாதவர். நீங்கள் அவரைவிட மூத்தவர், விவாகரத்தானவர், ஒரு பிள்ளையும் இருக்கிறது. உங்கள் சமூகத்தில் இப்படி ஒரு பொருத்தம் வழக்கமா?

இந்தக் கேள்விக்கு மூன்று மாதமாக ஒரு நீண்ட பதில் யோசித்து வைத்திருந்தேன். அந்த நேரம் அது ஒன்றும் வாயில் வரவில்லை. "இல்லை. வழக்கமில்லை" என்றேன். "வழக்கமில்லாததாலதான் அக்கா வரேல்லை. வழக்கமில்லையெண்டு தெரிஞ்சும்தான் இவர் கட்டினவர்."

இவருடைய சாட்சியத்தின்போது நான் அறையில் இருந்தேன். மேல்முறையீட்டாளர் நான்தான் என்பதால் கேட்கலாம். ஏன் இவரைத் தெரிந்தெடுத்தீர்கள் என்று அவரிடமும் கேட்டார்கள். அதற்கு முதல் வேறு பெண்களின் சம்பந்தமும் வந்தது என்றார். எல்லோரும் காணி எவ்வளவு, வேலை என்ன என்று கேட்டார்கள். "இவ மட்டும்தான் தம்பின்ரை பேரைச் சொல்லி அம்மாட்டக் கேட்டவ. அண்டைக்கு அம்மா இரவு சாப்பிட்டவ." மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன் ஒரு கணம் நின்றார். நான்கா மூன்றா என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பு அன்றைக்கே வரவில்லை. சில கிழமை கழித்து எழுத்தில் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. அது விசா இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கோப்பு திரும்ப விசா அலுவலகத்துக்குப் போகும். மருத்துவப் பரிசோதனை 12 மாதத்துக்குத்தான் செல்லும், ஆகவே திரும்பவும் செய்யவேண்டும், பொலிஸ் அறிக்கை திரும்பவும் எடுக்கவேண்டும். இவர் 2022 கோடையில் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி. மாமி தந்துவிட்ட முருங்கைக்காயைச் சுங்கத்தில் எடுத்துவிட்டார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தார். மகள் தூக்கி வைத்திருந்த மட்டையில் அவருடைய பெயரை எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தாள். அந்த மட்டை இன்னும் எங்கள் அலுமாரிக்குள் இருக்கிறது.

அக்கா அடுத்த வருடம் எங்களோடு கதைக்கத் தொடங்கினார். சத்தியக் கடதாசியில் அவரைப் பற்றி எழுதியது அவருக்குத் தெரியும். இவரே சொல்லிவிட்டார்.

இப்போது நிராகரிப்பு வந்தவர்கள் யாராவது யார்மூலமோ என் இலக்கத்தை எடுத்து அழைக்கிறார்கள். நான் லோயர் இல்லை, சட்டம் சொல்லமாட்டேன். ஐ.ஏ.டி.யின் விதிகளும் 2023 ஜனவரியில் மாறிவிட்டன. சான்று கொடுக்கும் காலக்கெடு எங்கள் காலத்தில் இருந்தது போல இப்போது இல்லை. ஆனால் 30 நாள் அப்படியே இருக்கிறது. அதனால் அவர்கள் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, கடிதம் கைக்கு வந்த தேதியைக் கேட்பேன்.

போன மாதம் ஒரு தங்கச்சி அழைத்தாள். குரலே வரவில்லை. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை என்றாள். தேதியைச் சொன்னாள். விரல் விட்டு எண்ணினேன். 28ஆம் நாள். காரை எடுத்துக்கொண்டு இவரும் நானும் அவளுடைய வீட்டுக்குப் போனோம். அவளுடைய அம்மா தேத்தண்ணி போட்டுவிட்டு, என்ன விடயம் என்று விளங்காமல் எங்கள் மூன்றுபேரின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி அப்போதுதான் அம்மாவுக்குச் சொன்னாள். பிறகு மூன்று பேரும் இருந்து படிவத்தை நிரப்பினோம், நிராகரிப்புக் கடிதத்தைப் படம் பிடித்து இணைத்தோம். இரவு 11 மணிக்கு அனுப்பினாள். இப்போது ஒரு லோயரைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.